வீட்டில் அணிய ஏற்றதல்ல

ஆமாம் சார், அந்த வரியை நான்தான் எழுதினேன். செயலாளர் சொல்லி எழுதவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன், எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், ஆனால் படிக்க முடியும் என்று நினைக்கிறேன். 'மூன்றாம் எண் மாதிரி: சுடுதளத்துக்கு மிகவும் ஏற்றது. வீட்டில் அணிய ஏற்றதல்ல.' இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க உங்கள் கம்பெனி உங்களைச் சென்னையிலிருந்து அனுப்பியிருக்கிறது. போனில் கேட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். செயலாளர்தான் நேரில் வரச் சொல்லியிருப்பார். போன் எனக்குச் சரிப்படாது. இப்போது வருகிற போன்களில் குரல் சரியாக வருவதில்லை.

உட்காருங்கள். இன்று திங்கட்கிழமை, சுடுதளத்துக்கு விடுமுறை. யாரும் வரமாட்டார்கள். நீங்கள் சாதாரணமாகவே பேசலாம், உங்கள் காதுமூடியைத்தான் போட்டிருக்கிறேன். சத்தத்தைக் கூட்டுகிற குமிழை மூன்றாவது கோட்டில் வைத்திருக்கிறேன். கிளப்புக்கு வாங்கிய பன்னிரண்டில் இது ஏழாம் எண். கிளப்பில் இருக்கும்வரை போட்டுக்கொள்ளலாம் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் கிளம்பும்போது கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. ஏன் என்றுதானே கேட்கிறீர்கள், சொல்கிறேன்.

என் பெயர் சூசை. இந்த ரைபிள் கிளப்பில் முப்பத்தொரு வருஷம் ஆகிறது. இலக்கு அட்டை ஒட்டுவது, தோட்டா எடுத்துக் கொடுப்பது, சுட்டு முடிந்ததும் காலித் தோட்டாவை எண்ணி வாங்குவது என் வேலை. ஐம்பது கொடுத்தால் ஐம்பது காலி திரும்ப வர வேண்டும். வந்தால்தான் அடுத்த ஐம்பது. கலெக்டர் வந்து சுட்டாலும் அதுதான் சட்டம். இத்தனை வருஷத்தில் மூன்று தடவைதான் கணக்கு குறைந்தது. ஒன்று ஓர் உறுப்பினரின் பேண்ட் மடிப்பில் இருந்தது. ஒன்று எறும்புப் புற்றுக்குள் போயிருந்தது. மூன்றாவது இன்னும் கிடைக்கவில்லை. அது எங்கே போயிருக்கும் என்று இப்போதும் சில நாள் யோசிப்பேன்.

ஆரம்பத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் நின்றேன். அதுவும் இடது காதில் மட்டும். வலது காதையும் அடைத்துக்கொண்டால் 'நிறுத்து' என்று சொல்வது கேட்காதே. காதுமூடியெல்லாம் உறுப்பினர்களுக்கு. பஞ்சு எனக்குப் போதுமானதாக இருந்தது. என் காதுக்கு ஒரு குறையும் இல்லை.

என் மனைவி பெயர் ஞானப்பூ. அவளுக்கு இப்போது உடம்பு சரியில்லை. சரியில்லை என்றால், சரியாகாது. எனக்கு அது தெரியவந்தது உங்கள் காதுமூடியால்தான். அதனால்தான் அந்த வரி.

எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்துநாலு வருஷம். வந்த புதிதில் அவள் குரல் தெருமுனை வரை கேட்கும். கோயிலில் பாடுகிறவர்களோடு முன்வரிசையில் நிற்பாள். அப்புறம் வருஷா வருஷம் குரலைக் குறைத்துக்கொண்டே வந்தாள். ஏன் என்று தெரியவில்லை. ஸ்டெல்லா, எங்கள் மகள், கல்யாணமாகித் திருப்பூர் போனபிறகு வாய் அசைவது மட்டும்தான் தெரியும். வயதானால் பெண்கள் அடக்கமாகிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் சத்தமாகப் பேசு என்று ஒரு பொம்பளையிடம் எப்படிச் சொல்வது? நான் இயல்பிலேயே கூச்சப்படுகிறவன். அவள் என்னைப் பார்த்து எது கேட்டாலும் 'சரி' என்று சொல்லிவிடுவேன். முப்பத்துநாலு வருஷத்தில் ஒரு தடவைகூட அவளுக்கு நான் முடியாது என்று சொன்னது கிடையாது. எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

சரி, காதுமூடிக்கு வருகிறேன்.

பங்குனியில் இங்கே ஒரு விஷயம் நடந்தது. ஐம்பது மீட்டர் தளத்தில் நாலு பேர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். சுட்டு முடிந்ததும் பொறுப்பாளர் 'நிறுத்து' என்பார், எல்லாரும் துப்பாக்கியைத் திறந்து கீழே வைப்பார்கள், பச்சைக் கொடி ஏறும், 'போகலாம்' என்பார். அப்புறம்தான் நான் அட்டை மாற்றப் போவேன். அன்றைக்கு அவர் 'போகலாம்' என்றார், நான் போனேன். நான் பாதி தூரம் போனபோது மூன்றாவது ஆளிடமிருந்து ஒரு வெடி. என் முழங்கைக்கு இரண்டடி தள்ளி மண் தெறித்தது. திரும்பிப் பார்த்தால் எல்லாரும் கையை ஆட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடுகிறார்கள். சுட்டவர் துப்பாக்கியைப் போட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

'போகலாம்' என்று யாருமே சொல்லவில்லை என்கிறார்கள். கொடியும் ஏறவில்லையாம். நான் கொடியைப் பார்ப்பதில்லை சார், எப்போதும் காதால் கேட்டுப் போய்ப் பழகியவன். பொறுப்பாளரும் மற்ற மூன்று பேரும் நான் போவதைப் பார்த்து ஆறு தடவை கத்தினார்களாம். சுட்டவருக்குக் காதை அடைத்த பழைய காதுமூடி, அதனால் அவருக்கும் அந்தச் சத்தம் எட்டவில்லை. என் கருத்து, குற்றம் அந்தப் பழைய காதுமூடியில்தான்.

எங்கள் செயலாளர் திருவேங்கடம் சார், பல் டாக்டர், நல்ல மனிதர். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "சூசை, இனிமே நீங்க அட்டை மாத்தப் போக வேண்டாம். ஸ்டோர்ல மேசை போட்டு உட்காருங்க. எண்ணிக்கையை உங்களைவிடச் சுத்தமா யாரும் பார்க்க மாட்டாங்க" என்றார். முப்பத்தொரு வருஷம் கழித்து ஒரு மேசையும் நாற்காலியும் கொடுத்தார்கள். உழைப்பைக் கவனிக்கிறார்கள் என்று சந்தோஷமாக இருந்தது. அப்புறம் அவரே சொன்னார், "பேட்டரிக் காதுமூடி வாங்கப் போறோம். வெடிச் சத்தத்தை அடக்கும், பேச்சை உள்ளே விடும். மூணு கம்பெனி மாதிரி அனுப்பியிருக்கான். எது நல்லதுன்னு நீங்கதான் சோதிச்சு எழுதித் தரணும்."

எவ்வளவு பேர் இருக்க என்னிடம் கொடுத்தார் பாருங்கள்.

நான் எப்படிச் சோதித்தேன் என்று உங்கள் கம்பெனிக்குச் சொல்லுங்கள், அவர்களுக்கு உபயோகமாக இருக்கும். அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதை முதலில் பார்த்தேன். முதல் மாதிரி முப்பத்தொன்று டெசிபல் குறைக்கும் என்று போட்டிருந்தது, இரண்டாவது இருபத்திரண்டு, உங்களுடையது இருபத்துமூன்று. எண் பெரிதாக இருப்பதை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். செயலாளர்தான், "சத்தத்தை அடக்குறதுக்கு மட்டும்னா ஒரு தலையணை போதும் சூசை. 'நிறுத்து'ன்னா கேக்கணும்ல?" என்றார்.

அதனால் இப்படிச் செய்தோம். இரண்டு உறுப்பினர்கள் சுட்டுக்கொண்டே இருப்பார்கள். செயலாளர் எனக்குப் பின்னால் பதினைந்து தப்படி தள்ளி நின்று உறுப்பினர் பட்டியலைச் சாதாரணக் குரலில் படிப்பார். கேட்கிற பெயரை நான் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நாற்பது பெயர். முதல் மாதிரியில் ஒன்பது. அது கனமாகவும் இருந்தது, கண்ணாடிக் காம்பை அழுத்திப் பொட்டில் வலி வந்துவிட்டது. இரண்டாவதில் பதினாலு. அது ஒவ்வொரு வெடிக்கும் கதவைச் சாத்துவது மாதிரி மொத்தத்தையும் அடைத்துவிடும். திறப்பதற்குள் பாதிப் பெயர் போய்விடும். உங்களுடையதில் முப்பத்தெட்டு. வெடி என்பது யாரோ மேசையில் விரலால் தட்டுவது மாதிரி, பேச்சு அதுபாட்டுக்கு வருகிறது. விடுபட்ட இரண்டும் ஒரே மாதிரிப் பெயர்கள்.

கடைசியில், சுடுவதை நிறுத்திவிட்டு, காதில் ஒன்றுமே இல்லாமல் ஒரு நாற்பது படிக்கிறேன் என்றார் செயலாளர். எதற்கு என்று கேட்டேன். ஒப்பிடுவதற்கு என்றார். அதில் ஆறு. அன்றைக்கு அவர் வாயைத் திறக்காமலே படித்தார் சார். பல் டாக்டர், ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்கிறவர், தன் வாயைத் திறக்கவில்லை. அதை அறிக்கையில் சேர்க்கவில்லை.

அவர் என் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், "இந்த மூணாவதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. வேர்வைக்கு எப்படி இருக்கு, பேட்டரி எத்தனை நாள் வருதுன்னு பார்க்கணும். தினம் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் போட்டுக்கிட்டு, வீட்டுல அம்மாகூடப் பேசிக்கிட்டு இருங்க" என்றார். பேட்டரி சோதனைக்குப் பேச்சு எதற்கு என்று நினைத்தேன். ஆனாலும் மேலே இருக்கிறவர்கள் சொல்வதில் ஏதாவது இருக்கும்.

முதல் நாள் சாயங்காலம் ஐந்தரை. ஞானப்பூ முற்றத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஓர் ஓட்டலுக்குத் தினம் நாலு கிலோ உரித்துக் கொடுப்பாள். நான் எதிரே உட்கார்ந்து காதுமூடியைப் போட்டுக் குமிழைத் திருகினேன். என்னைப் பார்த்துக் கையால் 'என்ன இது' என்று கேட்டாள். "கிளப்புது. காதை அடைக்கிறது" என்றேன். தலையாட்டினாள்.

முதலில் என்னமோ சரசரவென்று சத்தம். பாம்பு என்று நினைத்துக் காலைத் தூக்கிவிட்டேன். வெங்காயச் சருகு. வெங்காயச் சருகுக்குச் சத்தம் உண்டு என்று எனக்குத் தெரியாது. அப்புறம் ஒரு குரல். பக்கத்து வீட்டு ரேடியோ என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். ரேடியோ இல்லை. என் மனைவி.

தலையைக் குனிந்துகொண்டு, வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு, என்னிடம்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"கிளப்புல இன்னைக்குக் கூட்டமாங்க?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே மோவாயைக் கழுத்தோடு ஒட்டவைத்துக்கொண்டு, கட்டைக் குரலில், "ம்... ஞாயித்துக்கிழமைல. கூட்டந்தான்" என்றாள். அது நான். என் குரல் சார். திரும்ப அவள் குரலில், "சாப்பிட்டீங்களா நேரத்துக்கு?" உடனே என் குரலில், "சாப்டேன், சாப்டேன். உனக்கு முதுகுவலி எப்படி இருக்கு?" அவள் குரலில், "அது இருக்கு அதுபாட்டுக்கு. நீங்க கேட்டீங்களே, அதுவே போதும்."

நான் கேட்கவில்லை சார். அவளுக்கு முதுகுவலி என்றே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அன்றைக்கு இருபத்தாறு கேள்வி கேட்டாள். இருபத்தாறுக்கும் என் பதிலை அவளே சொன்னாள். நான் சொல்லியிருந்தால் அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன். அவள் சொல்கிற சூசை நல்ல மனிதன். ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டுப் பேசச் சொல்கிறான். மழையில் நனையாதே என்கிறான். ஒரு தடவை அவள் புடவை நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னான். "போங்க, இந்தப் பழசப் போயி" என்று அவனை அவள் வெங்காயச் சருகால் அடித்தாள். சருகு என் மேல்தான் விழுந்தது. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. அதோடு, எப்படிச் சொல்வது, சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டாம் நாள் நாலரைக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். "சீக்கிரமா வந்துட்டீங்க?" என்றாள். கட்டைக் குரலில், "உன்னப் பாக்கணும்போல இருந்துச்சு" என்றாள். அது அவள் சொன்ன பதில் என்றாலும் அன்றைக்கு உண்மையாகவும் இருந்தது.

நாலாம் நாள்தான் அது.

அன்றைக்கு ஒரு கிலோ வெங்காயத்தை உரித்து முடித்தாள். அப்புறம், "அது இப்ப பெரிசாயிருச்சுங்க" என்றாள். அதற்கு என் குரலில் பதில் சொல்லவில்லை. "எலுமிச்சங்காய் கணக்கா இருந்தது, இப்ப சேலைக்கு மேலயே கை வச்சாத் தெரியுது. பக்கத்துல தோலும் சுருங்கி வருது." எனக்கு எதைப்பற்றிப் பேசுகிறாள் என்று புரியவில்லை. அவள் கை மட்டும் வெங்காயத்தை விட்டுவிட்டுச் சேலைத் தலைப்புக்குள் இடது பக்கம் போனது. அப்போது புரிந்தது. பெண்கள் விஷயம், உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"பொங்கல் கழிஞ்ச வாரம் உங்ககிட்ட கேட்டேன்ல" என்றாள். "நம்ம ஆஸ்பத்திரி டாக்டரம்மா மதுரைக்குப் போயி காட்டச் சொல்றாங்க, போவோமா, இல்ல இது சும்மாதான, விட்ருவோமான்னு. நீங்க சரின்னீங்க. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு."

அப்புறம் மோவாயை ஒட்டவைத்துக்கொண்டு, "பயப்படாத ஞானப்பூ. ஒண்ணும் இருக்காது" என்றாள்.

நான் கிளப்பில் கொடுத்த தோட்டா ஒவ்வொன்றையும் எந்தத் தேதியில் யாருக்குக் கொடுத்தேன் என்று சொல்லிவிடுவேன் சார். பொங்கல் கழிந்த வாரம் எங்களுக்குள் என்ன நடந்தது என்று அன்று ராத்திரியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். பத்தொன்பதாம் தேதி இருநூறு அட்டை ஒட்டினேன், இருபதாம் தேதி முந்நூற்றைம்பது தோட்டா போனது, அதெல்லாம் வருகிறது. நான் சொன்ன 'சரி' வரவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை சரி சொல்லியிருப்பேன். எல்லாம் ஒரே மாதிரி. எந்தச் சரி அது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாளே கேட்டிருக்கலாம் என்பீர்கள். ஏழு நாள் கேட்கவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போக வேண்டும், அதற்கு எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டும். ஒளிந்திருந்து கேட்டேன் என்றா? அதையாவது சொல்லிவிடலாம். பொங்கல் கழிந்து நீ கேட்டது எனக்குக் கேட்கவே இல்லை என்று சொல்வதுதான் முடியவில்லை. தினமும் வாசலில் செருப்பைக் கழற்றும்போது இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். உட்கார்ந்து குமிழைத் திருகியதும் அவள் பேச ஆரம்பித்துவிடுவாள். என் பதில் இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் நான் எப்படிப் புகுவது?

பதினோராம் நாள். பேட்டரி அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது, அதையும் அறிக்கையில் எழுதியிருக்கிறேன். மேலே மேகம் கட்டியிருந்தது. "மழை வருமாங்க?" என்றாள். அவள் மோவாயை இறக்குவதற்குள் நான், "வராது" என்றேன்.

அவள் கையிலிருந்த வெங்காயம் அரிவாள்மனைப் பக்கம் உருண்டது. எடுக்கவில்லை. என் காதையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கேக்குதா?" என்றாள். முன்னைவிட மெதுவாக. சோதிப்பதற்காக.

"கேக்குது."

"எப்ப இருந்து?"

"பதினோரு நாளா."

"பதினோரு நாளா ஒட்டுக்கேட்டீங்களா?"

"பேட்டரி சோதனை" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். இல்லை. சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள், யாரோ வேற்று ஆள் வீட்டுக்குள் வந்துவிட்டது மாதிரி. நான் மெல்ல, "நாளைக்கு மதுரைக்குப் போவோம்" என்றேன். "அன்னைக்கு நீ கேட்டது எனக்கு..." என்று ஆரம்பித்தேன். கை காட்டி நிறுத்திவிட்டாள்.

"உங்களுக்குக் கேக்காதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "எத்தனையோ வருசமாத் தெரியும். சத்தமாக் கேட்டிருந்தா மதுரைக்குப் போவோம்னு சொல்லிருப்பீங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. அதான் மெதுவாக் கேட்டேன்."

சார், இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. செயலாளரிடம்கூட. தேநீர் ஆறுகிறது, குடியுங்கள்.

மதுரைக்குப் போனோம். காதுமூடியோடுதான் போனேன், செயலாளர் ஒரு மாதம் கூடுதலாக வைத்துக்கொள்ளச் சொன்னார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒருவன், "என்ன பெரியவரே, ஹெலிகாப்டர வெளிய நிறுத்திட்டு வந்துட்டீங்களா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஞானப்பூவும் கொஞ்சம் சிரித்தாள். அதற்காக அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மதுரை டாக்டரம்மா சின்னப் பெண், நம்ம ஸ்டெல்லா வயதுதான் இருக்கும். ஸ்கேன் படங்களைப் பார்த்துவிட்டு, "எப்பம்மா முதல்ல கவனிச்சீங்க?" என்று கேட்டார். ஞானப்பூ என்னைப் பார்க்காமல், "போன மாசம்தான் தாயி" என்றாள். டாக்டரம்மா அதை எழுதவில்லை. பேனாவை மூடி வைத்தார். ஈரலுக்கும் எலும்புக்கும் போய்விட்டது என்றார். முன்னாலேயே வந்திருந்தால் எடுத்திருக்கலாம், இப்போது வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஆறு மாதம், நன்றாக இருந்தால் எட்டு. ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. உங்கள் கம்பெனிச் சாமான் அந்த அளவுக்குச் சுத்தமானது. முப்பத்தொன்று டெசிபல்காரன் சாமானைப் போட்டிருந்தால் பாதி கேட்டிருக்காது.

நாங்கள் கிளம்பும்போது என்னைப் பார்த்து, "ஐயா, நீங்களும் காதுக்கு ஒரு தடவை காட்டுங்க. சின்னக் கருவி வச்சாச் சரியாயிடும்" என்றார். "காது நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

அப்புறம்தான் சார் நீங்கள் கேட்டதற்குப் பதில் வருகிறது.

ஊருக்கு வந்தபிறகு ஞானப்பூ பேசுவதை நிறுத்திவிட்டாள். கோபம் இல்லை. கேட்டால் பதில் சொல்வாள். "சாப்பாடு வச்சிருக்கேன்." "மாத்திரை தீந்துருச்சு." அதையும் கிளப்பில் 'நிறுத்து' சொல்வதுபோல் உரக்கச் சொல்வாள். முதுகுவலி எப்படி இருக்கிறது என்று நானே கேட்டுப்பார்த்தேன், கூச்சத்தை விட்டுவிட்டு. "பரவால்ல" என்றாள். அந்தப் பழைய சூசை கேட்டிருந்தால் அரை மணி நேரம் சொல்லியிருப்பாள். எனக்கு அவன்மேல் பொறாமையாக வந்தது.

நான் எதையும் சோதிக்காமல் முடிவு கட்டுகிறவன் இல்லை. மூன்று நாள் காதுமூடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று நாள் போடாமல் உட்கார்ந்தேன். போட்டிருந்த மூன்று நாளும் அவள் சொன்ன வார்த்தைகளை எண்ணினேன். பதினொன்று, ஒன்பது, ஒன்பது. போடாத முதல் நாள் அவள் ஒன்றும் சொல்லவில்லை, என் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் உதடு கொஞ்சம் அசைந்தது. மூன்றாம் நாள் படுத்தபடியே வெளிச்சம் போகும்வரை அசைந்துகொண்டே இருந்தது. நடுநடுவே மோவாய் இறங்கியது. அவனும் வந்துவிட்டான் என்று தெரிந்துகொண்டேன்.

இரண்டு தடவை திருப்பிச் செய்து பார்த்தேன். மாற்றம் இல்லை. போட்டால் பேசமாட்டாள். கழற்றினால் பேசுவாள். அதனால் பெட்டியில் வைத்துச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு அந்த வரியை எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே? டாக்டரம்மா சொன்ன கருவியும் வேண்டாம். அதை வைத்தாலும் அவள் கண்டுபிடித்துவிடுவாள். எனக்குக் கேட்கிறது என்றால் அவளுக்குத் தெரிந்துவிடும் சார், என் முகத்தில்.

ஸ்டெல்லா வந்திருந்தாள். "அம்மா தனியாப் பேசுறாங்கப்பா, உங்களுக்குத் தெரியுமா?" என்று என் காதருகே வந்து கத்தினாள். தனியாக இல்லை என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. ஓட்டலுக்கு வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டோம். இப்போது அரைக்கிலோ வாங்கி நானே உரிக்கிறேன், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து. கையில் ஏதாவது வேலை நடந்துகொண்டிருந்தால்தான் அவளுக்குப் பேச வருகிறது.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு பத்துக்கு ஆரம்பித்தாள். நாலு ஐம்பது வரை பேசினாள். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலி இருந்திருக்க வேண்டும், இரண்டு தடவை கண்ணை மூடினாள். ஆனால் நிறுத்தவில்லை. நாலு ஐம்பதுக்கு நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். புருவம் கொஞ்சம் மேலே போயிருந்தது. அது கேள்வி. ஏதோ பெரிய கேள்வி. சாதாரணக் கேள்வி என்றால் அவ்வளவு நேரம் பார்க்கமாட்டாள்.

'சரி' என்று தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"எனக்குக் கேக்கல ஞானப்பூ" என்றேன்.

இதை நான் ஒரு மனுஷரிடமும் சொன்னதில்லை. சுடுதளத்தில் மண் தெறித்த அன்றைக்கும் சொல்லவில்லை. எழுந்து வந்து என் காதில் சொல்வாள், அல்லது பக்கத்தில் வரச் சொல்லிக் கை காட்டுவாள் என்று நினைத்து, வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தேன்.

அவள் கூப்பிடவில்லை. சிரித்தாள். தலையணையிலிருந்து தலையைக் கொஞ்சம் தூக்கி, மோவாயைக் கழுத்தோடு ஒட்டவைத்துக்கொண்டு, எனக்குப் பதிலாக அவளே பதில் சொன்னாள். நீளமான பதில். நாலைந்து வாக்கியம் இருக்கும், நடுவில் இரண்டு இடத்தில் மூச்சு வாங்கினாள். சொல்லி முடித்துவிட்டு அதை அவளே கேட்டுக்கொண்டிருப்பதுபோல் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தலையாட்டிக்கொண்டே என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். வெங்காயக் கை. விடவே இல்லை.

அவள் என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியாது சார். போகட்டும். ஆனால் அப்படி என்ன சொல்லியிருப்பேன் நான்?